சுடுதண்ணி எந்தப் பக்கம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கீசர் பராமரிப்பு பத்தி இந்தப் பக்கத்துல எழுதினதுக்கு நிறைய கடிதம் வந்திருக்கு, ஆனா பாதிக்கு மேல கீசரைப் பத்தியே இல்ல, குழாயைப் பத்தி. அந்த ஊர்ல ஏன் அப்படி, நம்ம ஊர்ல ஏன் இப்படின்னு. சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா தினமும் வீட்டுல எல்லாரும் கை வைக்குற இடம் அது, குழந்தையும் வைக்கும், வயசானவங்களும் வைப்பாங்க. அதனால இந்த தடவை முழுப் பக்கமும் குழாய்க்கே குடுத்துட்டோம்.

கேள்வி: பையன் இங்கிலாந்துல வேலை பாக்குறான். இந்த வருஷம் போய் அவன்கூட தங்கிட்டு வந்தோம். பாத்ரூம் வாஷ்பேசின்ல தள்ளித் தள்ளி ரெண்டு குழாய். ஒண்ணுல கை வெந்துடுது, இன்னொண்ணுல விறைச்சுடுது. கலந்து ஒரே குழாயில விட்டா என்ன? இவ்ளோ வசதியான நாட்டுல ஏன் இப்படி வெச்சிருக்காங்க?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: அம்மா, அங்க போற நம்ம ஆளுங்க எல்லாருக்கும் முதல் நாள் காலைலயே வர்ற கேள்வி இது. இதுக்கு பதில் பரண்ல இருக்கு.

19-ம் நூற்றாண்டுல லண்டனுக்கு தண்ணி குடுத்தது தனியார் கம்பெனிங்க. நாள் முழுக்க விடமாட்டாங்க, சில மணி நேரம்தான் வரும், அதனால வீட்டுக்கு வீடு தொட்டி கட்டி பிடிச்சு வெச்சாங்க. நம்ம ஊர்ல சம்ப்பும் மாடி டேங்க்கும் வந்ததும் இதே காரணத்தாலதானே. அப்புறம் 24 மணி நேர சப்ளை வந்துடுச்சு, ஆனா தொட்டி போகல, கூரைக்கு அடியில பரண்ல நிரந்தரமா உக்காந்துடுச்சு. அந்தத் தொட்டியில இருந்துதான் சுடுதண்ணி சிலிண்டருக்கு தண்ணி இறங்கும், செம்புல செஞ்ச சிலிண்டர், துணி வைக்குற ஒரு சின்ன அலமாரிக்குள்ள நிக்கும், அதுல சூடாகி பாத்ரூமுக்கு வரும். பச்சத்தண்ணி மட்டும் நிறைய வீட்டுல நேரா தெரு மெயின் லைன்ல இருந்து வரும்.

இப்போ ரெண்டுக்கும் உள்ள அழுத்தத்தைப் பாருங்க. 10 மீட்டர் உயரத்துல தண்ணி நின்னாத்தான் 1 பார் அழுத்தம் (பார்ங்கறது அழுத்தத்தை அளக்குற அலகு). பரண் தொட்டி குழாய்க்கு மேல 2, 3 மீட்டர்தான் இருக்கும், அப்போ 0.2, 0.3 பார்தான் கிடைக்கும். தெரு லைன்லயோ 2, 3 பார் சாதாரணமா வரும். பத்து மடங்கு வித்தியாசம். இந்த ரெண்டையும் ஒரே குழாய்க்குள்ள விட்டா பலமான பச்சத்தண்ணி சுடுதண்ணியைத் தள்ளி வந்த வழியே மேல ஏத்திடும், கலக்கவே கலக்காது.

இதைவிடப் பெரிய காரணம் சுத்தம். பரண் தொட்டிக்கு மூடி சரியா இருக்காது, தூசி விழும், எலி விழும், புறா விழும். அந்தத் தண்ணி குளிக்கலாம், குடிக்கக் கூடாது. தெரு லைனோ ஊருக்கே குடிதண்ணி. ஒரு வீட்டுத் தொட்டித் தண்ணி தப்பித்தவறி மெயின் லைனுக்குள்ள திரும்பிப் போயிட்டா தெரு முழுக்க கெட்டுடும், அதனால ரெண்டும் குழாய்க்குள்ள சேரக் கூடாதுன்னு விதிமுறையே வெச்சிருந்தாங்க. அவங்க பிடிவாதத்தால வெச்ச மாதிரி நமக்குத் தோணுது, எனக்கு இது ரொம்ப பொறுப்பான முடிவாத்தான் படுது.

சமையல்கட்டுல மட்டும் ஒரே குழாய் இருந்துச்சேன்னு நீங்க கேக்கலாம். அடுத்த தடவை போறப்போ அதோட வாயை குனிஞ்சு பாருங்க. நிறைய பழைய குழாயில உள்ளுக்குள்ள நடுவுல ஒரு தடுப்பு ஓடும், சுடுதண்ணி ஒரு பாதி, பச்சத்தண்ணி ஒரு பாதி, வெளிய வந்து காத்துல விழும்போதுதான் ரெண்டும் ஒண்ணையொண்ணு தொடும். கையை ஒரு ஓரமா நீட்டினா ஒரு விரல் சுடும், பக்கத்து விரல் குளிரும். சட்டத்தையும் மீறல, வசதியும் ஆச்சு.

இன்னொண்ணு பழக்கம். அங்க வாஷ்பேசினை அடைப்பான் போட்டு மூடி, ரெண்டு தண்ணியையும் நிரப்பி, அந்தத் தேங்கின தண்ணில முகம் கழுவுறது பழைய வழக்கம். அப்படிக் கழுவுறவங்களுக்கு ரெண்டு குழாய் ஒரு குறையே இல்ல, தொட்டிலயே கலந்துக்கலாம். நாம ஓடுற தண்ணிலதான் கழுவுவோம், தேங்கின தண்ணில கழுவ மனசு வராது. 1942 ஆகஸ்ட்ல சோவியத் தலைவர் ஸ்டாலினைப் பாக்க மாஸ்கோ போன பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில், தங்கின மாளிகைல வாஷ்பேசினுக்கு அடைப்பானே இல்ல, ரெண்டு தண்ணியும் ஒரே வாய் வழியா பதமா கலந்து வருது, ஓடுற தண்ணில கை கழுவுறாங்கன்னு ஆச்சரியமா கவனிச்சு தன்னோட போர் நினைவுகள்ல எழுதியிருக்கார். திரும்பி வந்து தன் வீட்டுலயும் அதே மாதிரி செஞ்சுக்கிட்டேன்னும் சொல்றார். நம்ம பழக்கம் அவருக்குப் புதுசா இருந்திருக்கு பாருங்க.

1980-களின் நடுவுல விதிமுறையைத் தளர்த்தினாங்க, மெயின் அழுத்தத்துலயே வேலை செய்யுற சிலிண்டரும் வந்துச்சு, அப்புறம் பரண் தொட்டியே தேவைப்படாத பாய்லர் பரவிடுச்சு. புது வீட்டுல எல்லாம் ரெண்டு தண்ணியும் கலந்து ஒரே வாய்ல வர்ற மிக்சர் குழாய்தான். உங்க பையன் இருக்குறது பழைய வீடா இருக்கும். நம்ம வீட்டுல கீசருக்குப் போற தண்ணியும் பச்சத்தண்ணியும் பெரும்பாலும் ஒரே மாடி டேங்க்ல இருந்து வர்றதால அழுத்தம் ஒண்ணுதான், அதான் நமக்கு மிக்சர் பிரச்சினை இல்லாம ஓடுது. பையன்கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லுங்க, அந்த சுடுதண்ணி குழாயில பிடிச்சு டீ போட வேண்டாம்.

கேள்வி: வீடு கட்டிக்கிட்டு இருக்கேன். ஒரு பாத்ரூம்ல பிளம்பர் சுடுதண்ணி லைனை வலது பக்கம் இழுத்துட்டார். கேட்டா "எந்தப் பக்கம் இருந்தா என்ன சார், சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிடலாம்"ங்கறார். இதுக்கு ஏதாவது ரூல் இருக்கா?
— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: இருக்கு தம்பி. குழாயைப் பாத்து நின்னா சுடுதண்ணி இடது பக்கம். உலகத்துல பெரும்பாலான நாட்டுல இதுதான் வழக்கம், அமெரிக்க பிளம்பிங் கோட்ல எழுத்துலயே இருக்கு, பிரிட்டிஷ் வழிகாட்டுதல்லயும் இடதுதான். ஏன் இடதுன்னா, வீட்டுக்குள்ள முதல்ல வந்தது பச்சத்தண்ணிதான், அது கைபம்ப்போ குழாயோ வலது கைக்கு வாகா வலது பக்கம் இருந்துச்சு, பின்னால சுடுதண்ணி வந்தப்போ காலியா இருந்த இடது பக்கம் போச்சுன்னு சொல்வாங்க. காரணம் எதுவா இருந்தாலும் எல்லாரும் ஒரே பக்கம் வெக்குறதுதான் இதுல விசேஷம்.

ஸ்டிக்கர் ஒட்டிடலாம்ங்கறதை ஒத்துக்காதீங்க. ரெண்டு வருஷம் உப்புத்தண்ணி பட்டா அது உரிஞ்சு போயிடும். ஸ்டிக்கர் இருந்தாலும் தலைக்கு ஷாம்பு போட்டு கண்ணை மூடிக்கிட்டு கையால துழாவுறப்போ யாருக்கு கலர் தெரியும்? ராத்திரி கண்ணாடி போடாம எழுந்து போற தாத்தாவுக்குத் தெரியுமா? பார்வை இல்லாதவங்களுக்கு கலரும் எழுத்தும் எந்த உதவியும் இல்ல, பக்கம் ஒண்ணுதான் துணை. பிரிட்டன்ல இடதுன்னு வலியுறுத்துறதுக்கு அவங்களைத்தான் காரணமா சொல்றாங்க.

1947-ல மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ்னு ரெண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் எவ்ளோ சூட்டுல எவ்ளோ நேரத்துல தோல் வெந்து போகுதுன்னு அளந்து எழுதினாங்க. 49 டிகிரி தண்ணின்னா பத்து நிமிஷம் போல ஆகும். 60 டிகிரின்னா 5 செகண்ட். 70 டிகிரின்னா ஒரே செகண்ட். பெரியவங்க தோலுக்கே இந்தக் கணக்கு, குழந்தைக்கு இன்னும் சீக்கிரம் வெந்துடும், வயசானவங்களுக்கு தோலும் மெலிசு, கையை உடனே இழுத்துக்கவும் முடியாது. பக்கம் மாறிப் போன குழாயில சுடுதுன்னு உணர்ந்து, பயந்து, "பச்சத்தண்ணி"ன்னு நெனைச்சு இன்னும் கொஞ்சம் திருப்பினா என்ன ஆகும்னு உங்க பிளம்பர்கிட்ட கேளுங்க.

இப்படி மாறிப் போறது எங்கன்னா, ஒரே சுவருக்கு ரெண்டு பக்கமும் பாத்ரூம் வர்ற இடத்துல. இந்தப் பக்கத்துக்கு இடதா இருக்குற பைப்பு சுவருக்கு அந்தப் பக்கம் போனா வலதாயிடும். சுவருக்குள்ள ஒரு தடவை குறுக்க மாத்தி விடணும், அந்த வேலையை மிச்சம் பண்ணத்தான் ஸ்டிக்கர் கதை. இன்னும் டைல்ஸ் ஒட்டலைன்னா இப்பவே மாத்திடச் சொல்லுங்க, ஒட்டினப்புறம் உடைக்கணும். வாஷ்பேசின் மிக்சர்னா கவலையே இல்ல, அடியில ஆங்கிள் வால்வுல இருந்து போற ரெண்டு கனெக்‌ஷன் ஹோஸையும் மாத்தி மாட்டினா போதும்.

கேள்வி: இத்தாலிக்கு டூர் போனோம். ஹோட்டல்ல "சி"ன்னு போட்ட குழாயைத் திறந்து முகத்துல அடிச்சேன், சுட்டுடுச்சு. தப்பா மாட்டியிருந்தாங்களா?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: சரியாத்தான் மாட்டியிருந்தாங்க. இங்கிலீஷ்ல சி-ன்னா கோல்டு. இத்தாலியன்ல சி-ன்னா கால்தோ, அதாவது சுடுதண்ணி. பிரெஞ்சுலயும் ஸ்பானிஷ்லயும் இதே நிலைமை, சி சுடும், எஃப் குளிரும். போர்ச்சுகல், பிரேசில்ல க்யூ போட்டது சுடுதண்ணி. ஜெர்மன்ல சுடுறதுக்கு டபிள்யூ, குளிர்றதுக்கு கே. கனடாவுல மான்ட்ரியல் போன்ற ஊர்ல பழைய வீட்டுக் குழாய்க்கு பிரெஞ்சு எழுத்து, சில இடத்துல இங்கிலீஷ் எழுத்து, சி பாத்தா எந்த சி-ன்னு யோசிக்கணும். வெளிநாட்டுல எழுத்தைப் பாக்காதீங்க, இடது பக்கத்தை சுடுதண்ணின்னு எடுத்துக்கிட்டு, திறந்து விரல் நுனியை வெச்சுப் பாத்துட்டு அப்புறம் முகத்துக்குப் போங்க. (பிரேசில்ல நிறைய வீட்டுல சுடுதண்ணி பைப்பே கிடையாது, ஷவர் தலைக்குள்ளயே கரண்ட் ஹீட்டர் இருக்கும், வர்றது ஒரே பச்சத்தண்ணி லைன்தான்.)

கேள்வி: மாடியில சோலார் ஹீட்டர் போட்டிருக்கோம். திடீர் திடீர்னு பச்சத்தண்ணி குழாயில சுடுதண்ணி வருது, ஃப்ளஷ் டேங்க் தண்ணிகூட சுடுது. பிளம்பர் ரெண்டு தடவை வந்து பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னு போயிட்டார்.
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அவர் லீக் இருக்கான்னு பாத்திருப்பார், லீக் இருக்காது. வீட்டுல எங்கயோ ஒரு மிக்சர்ல ரெண்டு பக்கமும் திறந்து கிடக்கு, ஆனா தண்ணி வெளிய போற வாய் மட்டும் மூடியிருக்கு. கைல பிடிச்சு குளிக்குற ஷவர்ல நிறுத்துற பட்டன் இருந்தா, பட்டனை அமுக்கி தண்ணி நின்னதும் குழாயை மூடாமலே வந்துடுவோம். அப்போ மிக்சர் வயித்துக்குள்ள சுடுதண்ணி லைனும் பச்சத்தண்ணி லைனும் நேருக்கு நேர் சேந்து நிக்கும். எந்தப் பக்கம் அழுத்தம் கொஞ்சம் கூடவோ அது அடுத்த லைனுக்குள்ள இறங்கும். உங்க சோலார் டேங்க்ல தண்ணி மட்டம் உசரமா இருந்தாலோ, பிரஷர் பம்ப் ஒரு லைனுக்கு மட்டும் போட்டிருந்தாலோ சுடுதண்ணி அப்படியே பச்சத்தண்ணி லைன் வழியா ஃப்ளஷ் டேங்க் வரைக்கும் போயிடும். மேல தஞ்சாவூர் அம்மாவுக்கு எழுதினேனே, பிரிட்டன்ல ரெண்டு தண்ணியையும் குழாய்க்குள்ள சேர விடக் கூடாதுன்னு, அவங்க பயந்தது இந்த மாதிரி திரும்பி ஓடுறதுக்குத்தான்.

குளிச்சதும் பட்டனை நம்பாம மிக்சரோட ரெண்டு திருகையும் மூடச் சொல்லுங்க வீட்டுல எல்லார்கிட்டயும். ஒரு நாள் பாருங்க, அதுலயே நின்னுடுச்சுன்னா அதுதான் காரணம். நிக்கலைன்னா ஒவ்வொரு மிக்சருக்கும் போற சுடுதண்ணி வால்வை ஒண்ணொண்ணா மூடிப் பாத்தா எதுன்னு சிக்கிடும். மிக்சருக்குள்ள போற ரெண்டு லைன்லயும் தண்ணியை ஒரே பக்கம் மட்டும் விடுற நான்-ரிட்டர்ன் வால்வு போட்டா மறுபடி வராது.

கேள்வி: ஜப்பான்ல படிக்கிறேன். இங்க ஒரு பழைய கட்டடத்துல குழாய் கைப்பிடியைத் தூக்கினா தண்ணி நிக்குது, கீழ அமுக்கினா வருது. என் ரூம்ல நேர் எதிர். ஏன்?
— ஒரு வாசகர், ஒசாகா

பதில்: அங்க முன்னாடி ரெண்டு வகையும் இருந்துச்சு, கீழ அமுக்கினா வர்றதுதான் அதிகம். அந்த நாட்டு ஸ்டாண்டர்ட்படி 2000-ல இருந்து தூக்கினா வர்ற வகை மட்டும்தான்னு முடிவாச்சு. 1995 ஜனவரில கோபே நிலநடுக்கத்துல அலமாரியில இருந்து சாமான் விழுந்து கைப்பிடியை அமுக்கி தண்ணி கொட்டிக்கிட்டே இருந்துச்சுன்னு அதுக்கு ஒரு காரணம் சொல்வாங்க, ஐரோப்பா, அமெரிக்காவோட ஒத்துப்போகணும்னு நெனைச்சதும் இன்னொரு காரணம். நீங்க சொல்ற கட்டடம் அதுக்கு முந்தினதா இருக்கும்.

இந்த ஒத்தைக் கைப்பிடி குழாயே சூடு பட்ட ஒருத்தரோட கண்டுபிடிப்புதான். அல் மோயன்னு அமெரிக்காவுல சியாட்டில்ல படிச்சுக்கிட்டிருந்த பையன், 1937-ல ரெண்டு திருகு குழாயில கை கழுவப் போய் சுடுதண்ணி பட்டு, ஒரே கைப்பிடில அளவும் சூடும் ரெண்டும் மாறணும்னு யோசிச்சு வரைய ஆரம்பிச்சார், நடுவுல யுத்தம் வந்து 1947-லதான் விற்பனைக்கு வந்துச்சு. இப்போ வர்ற குழாயைப் பிரிச்சுப் பாத்தா உள்ள பீங்கான் மாதிரி வழவழன்னு ரெண்டு வில்லை ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும், கீழ் வில்லைல மூணு ஓட்டை, சுடுதண்ணிக்கு ஒண்ணு, பச்சத்தண்ணிக்கு ஒண்ணு, வெளிய போக ஒண்ணு. மேல் வில்லை நகர நகர எந்த ஓட்டை எவ்ளோ திறக்குதுங்கறதுதான் விஷயம். கைப்பிடியை நடுவுல விட்டு திறந்தா பாதி சுடுதண்ணி இழுக்கும், உங்க ஊர் கேஸ் ஹீட்டர் வீணா பத்திக்கும், தண்ணி சூடாகுறதுக்குள்ள கையே கழுவி முடிச்சிருப்போம். அதனால புதுக் குழாயில நடுவுல இருந்தா முழுக்க பச்சத்தண்ணி, இடது பக்கம் திருப்பினாத்தான் சூடுன்னு மாத்தியிருக்காங்க. நல்ல யோசனை, இங்கயும் எல்லா கடையிலயும் வரணும்.

கேள்வி: குவைத்துல இருக்கோம். ஜூன் வந்தா பச்சத்தண்ணி குழாயில கை வைக்க முடியல. பக்கத்து வீட்டு அண்ணன் கீசரை ஆஃப் பண்ணிட்டு சுடுதண்ணி குழாயில குளிங்கன்னு சொல்றார், சரியா?
— ஒரு வாசகி, குவைத்

பதில்: வேலை செய்யும், ஆனா தேங்கின தண்ணில கிருமி வளர்ற ஆபத்தும் உண்டு, அதைக் கீழ சேலம் வாசகிக்கு எழுதியிருக்கேன், படிச்சுக்குங்க. மொட்டை மாடி டேங்க் நாள் முழுக்க வெயில்ல கிடக்கு, கீசர் டேங்க் ஏசி போட்ட வீட்டுக்குள்ள இருக்கு, ஸ்விட்சை அணைச்சா உள்ள இருக்குற தண்ணி மெல்ல மெல்ல அறைச் சூட்டுக்கு இறங்கிடும். வளைகுடால நிறைய குடும்பம் கோடைல இப்படித்தான் பண்றாங்க. ஆனா வீட்டுக்கு வர்ற விருந்தாளிகிட்ட சொல்லிடுங்க, அவங்க வலது பக்கம்தான் குளிர்ச்சின்னு திறப்பாங்க. குழந்தைக்கு எந்தக் குழாயில பிடிச்சாலும் முழங்கையை விட்டுப் பாத்துட்டு ஊத்துங்க. வேலூர், மதுரைப் பக்கம் மே மாசம் மத்தியானம் குளிக்குறவங்களுக்கும் இதே வார்த்தைதான்.

கேள்வி: வீட்டுல ரெண்டு வயசுக் குழந்தை இருக்கு. கீசர்ல எத்தனை டிகிரி வெக்கணும்? நாத்தனார் 40 போதும்ங்கறாங்க.
— ஒரு வாசகி, சேலம்

பதில்: 40 வேண்டாம்மா. தண்ணி தேங்கி நிக்குற கீசர்னா 20-ல இருந்து 45 டிகிரி வரைக்கும் லெஜியோனெல்லான்னு ஒரு கிருமி வளர வசதியான சூடு, அது தண்ணித் துளியோட மூச்சுல போனா கடுமையான நிமோனியா வரும். அதனால தேக்கி வெக்குற தண்ணியை 60 டிகிரியில வைக்கச் சொல்வாங்க. ஆனா 60-ல 5 செகண்ட்ல வெந்துடும்னு மேலயே எழுதியிருக்கேன். இந்த ரெண்டையும் எப்படி சமாளிக்குறாங்கன்னா, தேக்குறது சூடா, குழாய்க்கு வர்றப்போ குறைச்சு. நடுவுல ஒரு வால்வு தானாவே பச்சத்தண்ணியைக் கலந்துடும், பச்சத்தண்ணி நின்னு போனா சுடுதண்ணியையும் நிறுத்திடும். ஆஸ்திரேலியாவுல வீட்டு பாத்ரூம் குழாய்க்கு 50 டிகிரிக்கு மேல வரக் கூடாது, இங்கிலாந்துல புது வீட்டுக் குளியல் தொட்டிக்கு 48 டிகிரி. தெர்மோஸ்டாட் மிக்சர்னு நம்ம கடையிலயும் கிடைக்குது, விலை கூட, ஆனா குழந்தையோ படுக்கையில இருக்குற பெரியவங்களோ இருக்குற வீட்டுல செலவு பண்ணலாம்னுதான் சொல்வேன்.

அது முடியலைன்னா, வாளியில எப்பவும் முதல்ல பச்சத்தண்ணி, அப்புறம்தான் சுடுதண்ணி. சுடுதண்ணியைப் பிடிச்சு வெச்சுட்டு துண்டு எடுக்கப் போற அந்த நேரத்துலதான் குழந்தை கையை விடும், இல்ல உள்ளயே விழும். வாளி நிரம்புற வரைக்கும் குழந்தை பாத்ரூமுக்கு வெளிய இருக்கட்டும், வாட்டர் ஹீட்டர் ராடு போட்ட வாளின்னா கதவையே சாத்திடுங்க. தப்பித்தவறி சுட்டுடுச்சுன்னா டூத் பேஸ்ட், மை, மாவு எதுவும் தடவாதீங்க. துணியை விலக்கிட்டு (தோல்ல ஒட்டியிருந்தா இழுக்காதீங்க), ஓடுற பச்சத்தண்ணில 20 நிமிஷம் காட்டுங்க, ஐஸ் வேண்டாம், சுத்தமான துணியை லேசா போத்தி நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.